பட்டினச்சேரிக்கு ஒரு டார்பிடோ படகு

குழந்தைகளே! கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று, நன்றாகச் சீவிய பென்சில் ஒன்று, அழிக்கும் ரப்பர் ஒன்று. மூன்றையும் எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள். இன்று நாம் ஒரு போர்ப் படகு கட்டப் போகிறோம். காகிதத்தில்தான்! ஆனால் கணக்கெல்லாம் நிஜக் கணக்கு.

இடம்: பட்டினச்சேரி. காரைக்காலுக்குத் தெற்கே, திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய மீனவர் கிராமம். மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவாரே, மீனவ மக்கள் 'மாப்பிள்ளை வந்தார்' என்று வரவேற்பார்களே, அந்தக் கடற்கரைதான்.

காலம்: 1905.

அப்போது காரைக்காலில் பறந்தது எந்த நாட்டுக் கொடி தெரியுமா? பிரெஞ்சுக் கொடி! 1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர்களிடம் வந்தது. 1954 நவம்பர் 1 அன்றுதான் நம்மிடம் சேர்ந்தது. வடக்கே தரங்கம்பாடி ஆங்கிலேயர் கையில். தெற்கே நாகப்பட்டினமும் ஆங்கிலேயர் கையில். மேற்கே தஞ்சாவூர்ச் சீமை முழுவதும் ஆங்கிலேயர் கையில். கிழக்கே மட்டும் கடல். நான்கு பக்கமும் அடுத்தவர் வயல் இருக்க, நடுவில் நம் வயல் இருந்தால் எப்படியோ அப்படி!

அப்படிப்பட்ட ஊருக்குக் காவலாக ஒரு போர்ப் படகாவது இருந்திருக்க வேண்டாமா? இல்லை. காரணம் ஒரு காகிதம். 1814இல் பாரிஸ் நகரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். இந்தியாவில் பிரான்சுக்குத் திருப்பிக் கொடுக்கப்படும் ஊர்களில் கோட்டை கட்டக்கூடாது, ஊர்க்காவலுக்குத் தேவையான அளவுக்கு மேல் வீரர்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது.

அந்த வரி மட்டும் எழுதப்படாமல் இருந்திருந்தால்?

இங்கேதான் நம் விளையாட்டு தொடங்குகிறது. இதை 'நடக்காத சரித்திரம்' என்று சொல்லலாம். ஒரே ஒரு செய்தியை மட்டும் மாற்றிவிட்டு, அதன்பிறகு என்னென்ன நடந்திருக்கும் என்று யோசிப்பது. ஆனால் ஒரு விதி உண்டு. சரித்திரத்தை மாற்றலாம், பூகோளத்தையும் விஞ்ஞானத்தையும் மாற்றக்கூடாது. மாற்றலாம் என்று விட்டால் நீங்கள் படகுக்கு இறக்கை வைத்துவிடுவீர்கள், எனக்குத் தெரியும்!

இதெல்லாம் சின்னப் பிள்ளைகள் விளையாட்டு என்று வீட்டில் யாராவது சொன்னால் பிரெட் ஜேன் கதையைச் சொல்லுங்கள். இங்கிலாந்துக்காரர். சிறுவயதிலிருந்தே கப்பல் படம் வரைவதில் பைத்தியம். பெரியவரான பின் காகிதக் கடலில் கப்பல்களை நகர்த்தி விளையாடும் ஒரு போர் விளையாட்டை உருவாக்கினார். அதற்காக உலகிலுள்ள போர்க்கப்பல்களின் நீளம், வேகம், பீரங்கி எல்லாவற்றையும் படத்தோடு தொகுத்து 1898இல் புத்தகமாகப் போட்டார். அந்தப் புத்தகம் இன்றும் அவர் பெயரிலேயே வருகிறது. உலகக் கடற்படைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள அதிகாரிகளே புரட்டிப் பார்க்கும் நூல் அது.

சுழல்மீன் இல்லை, திருக்கை!

முதலில் டார்பிடோ என்றால் என்ன? தொட்டால் 'சுரீர்' என்று மின்சாரம் பாய்ச்சும் ஒருவகைத் திருக்கை மீன் இருக்கிறது. அதன் லத்தீன் பெயர்தான் டார்பிடோ. மரத்துப் போகச் செய்வது என்று பொருள். தண்ணீருக்குள் மறைந்திருந்து தாக்கும் வெடிகுண்டுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள்.

ஆரம்பத்தில் இது நீளமான கழியின் நுனியில் கட்டிய வெடிகுண்டு, அவ்வளவுதான். படகில் போய், எதிரிக் கப்பலின் வயிற்றில் கழியை முட்டி வெடிக்க வைக்க வேண்டும். நம்புவது கடினம், ஆனால் 1884இல் சீனாவின் பூச்சௌ துறைமுகத்தில் பிரெஞ்சுப் படகுகள் இப்படித்தான் சீனக் கப்பல்களைத் தாக்கின. கழி நீளம்தான் உயிருக்கும் சாவுக்கும் இடைவெளி!

தானாக நீந்திப் போகும் டார்பிடோவைச் செய்தவர் ராபர்ட் வைட்ஹெட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். ஆண்டு 1866. இடம் பியூமே, இன்று குரோஷியா நாட்டில் இருக்கும் ரியேகா நகரம். லுப்பிஸ் என்ற ஆஸ்திரியக் கடற்படை அதிகாரியின் யோசனையை எடுத்துக்கொண்டு, அதை அடியோடு மாற்றிச் செய்தார். உள்ளே அழுத்தி அடைத்த காற்று. அது வெளிவரும் வேகத்தில் எந்திரம் ஓடும். எந்திரம் வால் விசிறியைச் சுழற்றும்.

கஷ்டம் எங்கே வந்தது தெரியுமா? ஆழத்தில். டார்பிடோ மேலே வந்தால் எதிரி பார்த்துவிடுவான். ரொம்பக் கீழே போனால் கப்பலுக்கு அடியில் புகுந்து போய்விடும். கிணற்றில் மூழ்கும்போது காது அடைக்கிறதல்லவா? ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம் ஒரு தட்டை அழுத்தும். தட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங். டார்பிடோ கீழே போனால் தட்டு உள்ளே அமுங்கி, கிடைச் சுக்கானை மேல்நோக்கித் திருப்பும். மேலே வந்தால் ஸ்பிரிங் தள்ளும், சுக்கான் கீழ்நோக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதை மட்டும் வைத்தபோது டார்பிடோ ஓங்கல் போல மேலும் கீழும் குதித்துக்கொண்டே போனது! வைட்ஹெட் அதனுடன் ஓர் ஊசலைச் சேர்த்தார். மூக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை ஊசல் காட்டிக் கொடுக்கும். இரண்டும் சேர்ந்து சுக்கானைப் பிடித்ததும் ஓட்டம் சீரானது. இந்தப் பகுதிக்கு அவர் வைத்த பெயரே 'ரகசியம்'. பல நாடுகள் பணம் கொடுத்து அந்த ரகசியத்தை வாங்கின.

1905 வாக்கில் டார்பிடோ 45 சென்டிமீட்டர் விட்டமும் ஏறத்தாழ 5 மீட்டர் நீளமும் அரை டன்னுக்கு மேல் எடையும் கொண்டதாக வளர்ந்துவிட்டது.

இதைச் சுமந்து செல்லத்தான் டார்பிடோ படகு பிறந்தது. 1876இல் தார்னிகிராப்ட் என்பவர் இங்கிலாந்தில் கட்டிய 'மின்னல்' என்ற பெயர்கொண்ட படகு மிகவும் புகழ்பெற்றது. நீளம் 26½ மீட்டர். வேகம் 18 நாட்டுக்கு மேல். அதாவது மணிக்கு 33 கிலோமீட்டர். நம் டவுன் பஸ் வேகம்தான். ஆனால் அன்று கடலில் அது பெரிய வேகம். சின்ன நாடுகளும் இதைக் கண்டு மகிழ்ந்தன. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய இரும்புக் கப்பலை ஒரு சுண்டைக்காய்ப் படகு மூழ்கடித்துவிடலாமே! பெரிய நாடுகள் பயந்துபோய், டார்பிடோ படகை விரட்டவென்றே இன்னும் வேகமான கப்பல்களைக் கட்டின. அவைதான் இன்று 'நாசகாரிக் கப்பல்' என்கிற வகைக்கு முன்னோர்.

நம் நாட்டிலும் டார்பிடோ படகுகள் இருந்தன. பம்பாய்த் துறைமுகத்தைக் காக்க ஆங்கில அரசு 1880களின் கடைசியில் ஏழு படகுகளை வாங்கியது. பலூச், கூர்க்கா, பதான், மராட்டா, சீக், ராஜ்புத் என்றெல்லாம் பெயர். தமிழ் மக்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. எனக்கு அதில் ஒரு சின்ன வருத்தம்!

எடையைப் பங்கு போடுவோம்

சரி, பென்சிலைக் கையில் எடுங்கள். ஒரு சென்டிமீட்டர் என்பது 2 மீட்டர். நம் படகின் நீளம் 26 மீட்டர். ஆகவே 13 சென்டிமீட்டர் கோடு போடுங்கள். அகலம் 3.2 மீட்டர். ஆகவே 1.6 சென்டிமீட்டர். மேலிருந்து பார்க்கும்போது வாளை மீன் மாதிரி ஒல்லியாக இருக்கும். முன்பக்கத்தை நம் மீனவர்கள் 'அணியம்' என்பார்கள், பின்பக்கத்தை 'அமரம்' என்பார்கள். படத்தில் அப்படியே எழுதுங்கள். நல்ல தமிழ்ச் சொற்கள்.

இந்தப் படகு எவ்வளவு எடை தாங்கும்? ஆர்க்கிமிடீஸ் சொன்னதை நினைவுபடுத்துங்கள். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்கும். நீருக்குள் 0.9 மீட்டர் அமிழ்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 26 × 3.2 × 0.9 = ஏறக்குறைய 75 கன மீட்டர். ஆனால் படகு பெட்டி இல்லை. இரு முனையும் கூராக, அடியும் வளைவாக இருக்கிறது. ஆகவே பெட்டியின் அளவில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. 34 கன மீட்டர் என்று வையுங்கள். ஒரு கன மீட்டர் கடல்நீர் ஒரு டன்னைவிடச் சற்றே அதிகம். மொத்தம் 34 டன்னைவிடச் சற்றே அதிகம். தீர்ந்தது. அதற்கு மேல் ஒரு மூட்டை அரிசி ஏற்றினாலும் படகு அந்த அளவுக்குக் கீழே இறங்கும்.

இந்த 34 டன்னைப் பங்கு போடுவதுதான் உண்மையான வேலை. நான் போட்ட பங்கு இது: உடல் 12 டன். கொதிகலன், எந்திரம், அதற்குள் இருக்கும் தண்ணீர் 13 டன். நிலக்கரி 4 டன். இரண்டு டார்பிடோக்களும் அவற்றை ஏவும் குழாய்களும் 3 டன். ஆட்கள், குடிநீர், சோறு, நங்கூரம், கயிறு எல்லாம் சேர்த்து 2 டன்.

'கவச இரும்பு எங்கே சார்?' என்று யாரோ கேட்பது காதில் விழுகிறது. கவசத்துக்கு இடமே இல்லை தம்பி! உடல் தகடே 3, 4 மில்லிமீட்டர்தான். துப்பாக்கிக் குண்டு துளைத்துவிடும். தகட்டை இரண்டு மடங்கு தடிமன் ஆக்கினால் கரியையும் டார்பிடோவையும் கரையில் வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

வேகத்தைக் கூட்டலாமா? இங்கே ஒரு பொல்லாத கணக்கு இருக்கிறது. படகின் வேகத்தை இரண்டு மடங்காக்க எந்திரத்தின் சக்தியை இரண்டு மடங்காக்கினால் போதாது. ஏறத்தாழ எட்டு மடங்காக்க வேண்டும்! 2 × 2 × 2. தண்ணீர் அப்படித் தடுக்கும். நம் படகுக்கு 450 குதிரைச் சக்தி கொடுத்திருக்கிறேன். முழுவேகத்தில் போனால் மணிக்கு 600 கிலோ கரி எரியும் என்று கொள்வோம். 4 டன் கரி 6 மணி 40 நிமிடத்தில் காலி. அதற்குள் 220 கிலோமீட்டர் போயிருப்போம்.

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். பட்டினச்சேரியிலிருந்து புதுச்சேரிக்குக் கடல்வழி சுமார் 115 கிலோமீட்டர். போகவர 230. கவர்னருக்கு ஓர் அவசரக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு முழுவேகத்தில் திரும்பினால், ஊர் வருவதற்கு 10 கிலோமீட்டர் முன்பே கரி தீர்ந்து நடுக்கடலில் நிற்போம்! பாதி வேகத்தில் போனால்? மணிக்கு எரியும் கரி எட்டில் ஒரு பங்கு. நேரம் இரண்டு மடங்கு. அதே தூரத்துக்குக் கால் பங்கு கரி போதும். கொதிகலனைச் சூடாக வைத்திருக்கவே கொஞ்சம் செலவாகும் என்பதால் நிஜத்தில் இவ்வளவு லாபம் கிடைக்காது. என்றாலும் டார்பிடோ படகுகள் எப்போதும் மெதுவாகவே போய், கடைசி நேரத்தில் மட்டும் பாய்ந்தது ஏன் என்று புரிகிறதா?

எங்கே நிறுத்துவது?

நான் மிகவும் யோசித்தது இதைத்தான். படகைக் கட்டிவிடலாம், நிறுத்த இடம்? வாஞ்சூர்ப் பக்கம் 2009இல் செயல்பட ஆரம்பித்த பெரிய துறைமுகம் 1905இல் கிடையாது. அரசலாறு உண்டு, திருமலைராயனாறு உண்டு. ஆனால் ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் மணல் மேடு போட்டுவிடும். ஆற்றில் வெள்ளம் வரும்போது திறக்கும், கோடையில் அடையும். நம் படகின் உடல் 0.9 மீட்டர்தான் அமிழ்கிறது. ஆனால் அமரத்துக்குக் கீழே விசிறியும் சுக்கானும் இன்னும் ஆழமாகத் தொங்குமே! மணலில் விசிறி மாட்டினால் கதை முடிந்தது.

திறந்த கடலில் நங்கூரம் போடலாம். பெரிய கப்பல்கள் அப்படித்தான் நின்றன. கச்சான் அடிக்கும் மாதங்களில் சரி. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று எழும்பினால்? புயல் வந்தால்? 26 மீட்டர் நீளமும் 3.2 மீட்டர் அகலமும் உள்ள ஒல்லிப் படகு அலையில் உருளும் உருளலை நினைத்துப் பாருங்கள். உள்ளே கொதிகலனில் நெருப்பு வேறு. அருகில் நல்ல துறைமுகம் என்றால் இலங்கையின் திருகோணமலை. அதுவோ ஆங்கிலேயர் கையில்!

கட்டுமரத்தைப் பாருங்கள். அதற்கு இந்தத் தொல்லையே இல்லை. அலை மேலே ஏறினால் தண்ணீர் மரங்களின் இடுக்கு வழியாகத் தானே வடிந்துவிடும். மூழ்க வயிறு என்று ஒன்று இல்லை. கரைக்கு வந்ததும் இழுத்து மேலே போட்டுவிடலாம். அந்தச் சொல்லையே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் எடுத்துக்கொண்டார்கள். நம் 34 டன் படகைக் கரையில் இழுத்துப் போட முடியுமா? தண்டவாளம் போட்டுச் சாய்தளம் அமைத்தால் முடியும். என் படத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறேன். காரைக்காலுக்கு 1898இல் பேரளத்திலிருந்து ரயில் வந்துவிட்டதால் தண்டவாளம் கிடைப்பது கஷ்டமில்லை. ஆனால் கரி? ரயில் பாதையின் மறுமுனை ஆங்கிலேயர் ஊர். சண்டை என்று வந்தால் முதலில் நிற்பது கரி வண்டிதான். உங்களுக்கு வேறு வழி தோன்றினால் வரைந்து பாருங்கள்.

நாலு நிமிடம்

இனி நிஜமாக நடந்த ஒன்று. 1914இல் முதல் உலகப்போர் வந்தது. இப்போது ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒரே பக்கம். செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் 'எம்டன்' கப்பல் சென்னையைக் குண்டு வீசித் தாக்கியது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சாமர்த்தியக்காரனை 'சரியான எம்டன்' என்று பெரியவர்கள் சொல்வது அதிலிருந்துதான்.

நம் படகு அன்று புறப்பட்டிருந்தால்? தந்தி கிடைத்த உடனே கிளம்பினாலும் சென்னைக்கு முன்னால் கோவளம் தாண்டியதும் கரி தீர்ந்திருக்கும். எம்டனோ அதற்குள் எங்கேயோ!

அடுத்த மாதம், அக்டோபர் 28 அதிகாலை, எம்டன் மலேயாவின் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்தது. ஆங்கிலக் கப்பல் என்று நினைக்கட்டும் என்பதற்காகப் போலியாக நான்காவது புகைபோக்கி ஒன்றை வைத்திருந்தது. நின்றிருந்த ரஷ்யக் கப்பல் 'ஜெம்சூக்' டார்பிடோவால் மூழ்கியது. துறைமுகத்தில் பிரெஞ்சுக்காரர்களின் சிறு கப்பல்களும் இருந்தன. 'பிராந்து' என்றால் கவண், 'பிஸ்தோலே' என்றால் கைத்துப்பாக்கி. வெளியே காவல் சுற்றிக்கொண்டிருந்தது 'முஸ்கே', அதாவது துப்பாக்கி. 1902இல் நீரில் இறக்கிய கப்பல். 56 மீட்டர் நீளம், 300 டன். நம் படகுக்குப் பெரியண்ணன் என்று சொல்லலாம். எம்டனோ 3,600 டன்; பத்துப் பெரிய பீரங்கிகள்.

எம்டன் வெளியே வரும்போது முஸ்கே எதிர்ப்பட்டது. எம்டன் சுட்டது. முஸ்கேயும் திருப்பிச் சுட்டது, டார்பிடோ விட்டது. சில நிமிடங்களில் மூழ்கிவிட்டது. எம்டனின் தலைவர் கார்ல் பான் முல்லர் கப்பலை நிறுத்தி, நீரில் தத்தளித்த 36 பேரைத் தூக்கிக் காப்பாற்றினார். அவர்களில் மூவர் காயத்தால் இறந்தனர். எதிரி நாட்டவராக இருந்தும் மரியாதையோடு கடலில் அடக்கம் செய்தார்கள். மற்றவர்களை வழியில் வந்த ஓர் ஆங்கிலக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

இப்போது உங்கள் படத்துக்கு வாருங்கள். எதிரி 3 கிலோமீட்டர் தூரத்திலேயே நம்மைப் பார்த்துவிட்டான் என்று வையுங்கள். டார்பிடோ விட 800 மீட்டர் நெருங்க வேண்டும். இடையில் 2,200 மீட்டர். நம் வேகம் நிமிடத்துக்கு 550 மீட்டர். நாலு நிமிடம்! கடிகாரத்தைப் பார்த்து நாலு நிமிடம் சும்மா உட்கார்ந்து பாருங்கள், எவ்வளவு நீளம் என்று. அந்த நேரம் முழுவதும் 3 மில்லிமீட்டர் தகட்டுக்குப் பின்னால் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருப்பவருக்கு வெளியே என்ன நடக்கிறது என்றே தெரியாது. ஆகவே படத்தில் எந்திர அறையிலிருந்து மேல்தளத்துக்கு ஏணி எங்கே என்பதைக் குறித்துவிட்டீர்களா? இல்லையென்றால் இப்போதே போடுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும்.

படம் முடிந்ததும் பெயர் வையுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆயுதப் பெயர் வைத்தார்கள். நம் ஊருக்கு மீன் பெயர்தான் பொருத்தம். என் படகு 'கோலா'. தண்ணீரைவிட்டு எழும்பிப் பறக்கும் மீனல்லவா!

பிறகு பிரெட் ஜேன் சொன்ன மாதிரி விளையாடலாம். உங்கள் படகைப் பக்கவாட்டில் வரைந்து கட்டங்களாகப் பிரியுங்கள். கொதிகலன், கரி அறை, டார்பிடோ குழாய், சுக்கான் எல்லாம் எந்தக் கட்டம் என்று எழுதுங்கள். நண்பனும் அவன் படகை வரையட்டும். தட்டையான குச்சியின் முகத்தில் ஒரு குண்டூசியைப் பொருத்துங்கள், பெரியவர் யாராவது உடனிருக்கட்டும். ஒரே அடி, ஊசி விழுந்த இடம்தான் குண்டு பட்ட இடம். ஜேன் விளையாட்டிலும் இப்படித்தான். ஊசி முகத்தின் நடுவில் இருக்கக்கூடாது, ஓரமாக எங்காவது இருக்க வேண்டும்; அப்போதுதான் குறி பார்த்து அடிக்க முடியாது. சுக்கானில் பட்டால் படகு ஒரே வட்டமாகச் சுற்றும். கொதிகலனில் பட்டால் நின்றுவிடும். கரி அறையில் பட்டால் பிழைத்தீர்கள்; குவிந்த கரி குண்டைத் தாங்கிக்கொள்ளும். அக்காலப் பெரிய கப்பல்களில் பக்கவாட்டில் கரியை அடுக்கி வைத்ததே அதற்காகத்தான். இதைப் படித்த பிறகு கரி அறையை இடம் மாற்ற நினைப்பவர்களுக்கு ரப்பர் பக்கத்திலேயே இருக்கிறது.